பெயர் தெரியாத எழுத்தாளரின் அரங்குக்குப் போங்கள்

போன இதழில், கோழிக்கோடு கடற்கரையில் நடக்கும் கேரள இலக்கியத் திருவிழாவுக்குப் போய் வந்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. போக ஆசைப்படுகிறவர்கள், தயங்குகிறவர்கள், கோபப்படுகிறவர்கள் என்று எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டுப் பக்கம் முழுவதையும் இதற்கே கொடுக்கிறேன்.

எனக்கு 21 வயது, பி.காம். கடைசி வருடம். எங்கள் ஊரில் என்னோடு புத்தகம் பேச யாருமே இல்லை. கோழிக்கோட்டுக்குத் தனியாகப் போகலாமா? அங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை.
— வாசகி, பொள்ளாச்சி

போகலாம்மா, தாராளமாகப் போகலாம். உங்கள் வயதுப் பிள்ளைகள்தான் அங்கே பாதிக் கூட்டம். கல்லூரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நிகழ்ச்சி நிரலை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு அரங்கிலிருந்து இன்னொரு அரங்குக்கு நடந்துகொண்டே இருப்பார்கள். 2016-ல் தொடங்கிய விழா இது. ஜனவரியில் நான்கு நாள் நடக்கும், தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். பேச்சைக் கேட்கக் கட்டணம் இல்லை, அதுதான் பெரிய விஷயம். டெலிகேட் பாஸ் என்று பணம் கட்டி வாங்குகிற ஏற்பாடு தனியாக உண்டு, அது இல்லாமலும் உட்கார்ந்து கேட்கலாம்.

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு பக்கம்தான். அங்கிருந்து மங்களூர் திசையில் போகிற ரயிலைப் பிடித்தால் மூன்று மணி நேரம்போல ஆகும். ஷொர்ணூர் தாண்டியதும் பாரதப்புழை கொஞ்ச தூரம் கூடவே வரும், அப்புறம் திரூர். மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் கவிஞர் எழுத்தச்சன் பிறந்த இடம் என்று சொல்லப்படும் துஞ்சன் பறம்பு அங்கேதான் இருக்கிறது. கோழிக்கோடு ஸ்டேஷனிலிருந்து கடற்கரை பக்கம், ஆட்டோவில் ஐந்து பத்து நிமிடம். தங்கும் இடத்தை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள், திருவிழா நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், முடிந்தால் ஒரு தோழியைக் கூட்டிக்கொள்ளுங்கள். யாரும் வரவில்லை என்பதற்காகப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அங்கே போய் என்ன செய்வது என்று கேட்டீர்கள். ஒரே நேரத்தில் ஐந்தாறு அரங்குகளில் பேச்சு நடக்கும். முதல் வருடம் நான் எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும் என்று ஓடினேன். ஒன்றில் கால் மணி நேரம், இன்னொன்றில் பத்து நிமிடம். திரும்பி வரும்போது பெயர்கள் மட்டும்தான் மனதில் இருந்தன, யார் என்ன சொன்னார்கள் என்பது நிற்கவில்லை. அதனால் ஒரு நாளைக்கு மூன்று அமர்வு போதும். முதல் வார்த்தையிலிருந்து கடைசிக் கேள்வி வரைக்கும் எழுந்திருக்காமல் உட்காருங்கள். அந்த மூன்றில் ஒன்றாவது இதுவரை நீங்கள் கேள்விப்படாத ஒருவருடையதாக இருக்கட்டும். புகழ்பெற்றவர்களின் பேச்சு பெரும்பாலும் யூடியூபில் வந்துவிடும், வீட்டிலிருந்தே பார்க்கலாம். சின்ன அரங்கில் முப்பது பேர் முன்னால் உட்கார்ந்து பேசுகிறவர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார். முடிந்ததும் பக்கத்தில் போய் நின்றால் உங்களிடமும் பேசுவார். ஊரில் புத்தகம் பேச ஆள் இல்லை என்றீர்களே, அப்படிப்பட்ட அரங்கில் உங்களைப் போலவே தனியாக வந்து உட்கார்ந்திருக்கிற ஒருத்தியைக் கட்டாயம் பார்ப்பீர்கள்.

மலையாளமும் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. நான் போய் என்ன புரிந்துகொள்ளப் போகிறேன்?
— வாசகர், திருப்பூர்

நியாயமான கேள்வி. முழுக்கப் புரியும் என்று சொல்ல மாட்டேன். வேகமான மேடை மலையாளம் நமக்குப் பாதிதான் பிடிபடும். ஆனால் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு நாள் பிற்பகல், வெயில் தாங்காமல் ஒரு சின்னக் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தேன். பழங்குடி மொழிகளில் எழுதும் கவிஞர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இடுக்கி மலைப் பக்கத்து முதுவான் இளைஞர் ஒருவர் எழுந்தார். கையில் இருந்த தாள் கடல் காற்றில் பறக்க, அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் வாசிக்க ஆரம்பித்தார். என்னைச் சுற்றி இருந்த மலையாளிகள் எல்லாரும் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். எனக்கோ இரண்டாவது வரியிலேயே உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் எனக்குப் புரிந்தது. மழை, கேழ்வரகு, மலை என்று சொல்லுக்குச் சொல் காதில் வந்து விழுந்தது. முதுவான் மொழி தமிழுக்கு அவ்வளவு நெருக்கம். மதுரையிலிருந்து மலையேறிப் போனவர்கள் நாங்கள் என்பது அந்த மக்களே வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அந்தக் கூடாரத்தில் முப்பது நாற்பது பேர் இருந்திருப்போம், அந்தக் கவிதையை நேராகக் கேட்ட சிலரில் மலையாளம் தெரியாத நானும் ஒருவன். அட்டப்பாடி இருளர்களின் மொழியும் இப்படித்தான், நமக்குப் பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி. மறையூர் அசோகன் முதுவான் மொழியில் எழுதுகிறார், வயநாட்டின் சுகுமாரன் சாலிகத்த ராவுளப் பழங்குடி மக்களின் மொழியில் எழுதுகிறார். நிகழ்ச்சி நிரலில் இந்தப் பெயர்களைப் பார்த்தால் விடாதீர்கள்.

இன்னொன்று. போவதற்கு முன்னால் தமிழில் வந்த மொழிபெயர்ப்புகளை வாசித்துவிட்டுப் போங்கள். மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரைத் தமிழில் வாசிக்காமல் கோழிக்கோட்டுக்குப் போவது வீண். அவர் கடைசிவரை வாழ்ந்த வீடு பக்கத்திலேயே பேப்பூரில் இருக்கிறது. குளச்சல் மு. யூசுப் மொழிபெயர்ப்பில் அவர் கதைகள் கிடைக்கும். மலையரையர் சமூகத்திலிருந்து வந்த நாராயண் எழுதிய ‘கொச்சரேத்தி’ நாவலையும் தேடிப் பிடியுங்கள். தபால் துறையில் வேலை பார்த்தவர் அவர். வெளியாட்கள் தன் மக்களைப் பற்றித் தப்பும் தவறுமாக எழுதியதைப் பார்த்துப் பொறுக்காமல், எங்கள் வாழ்க்கையை நாங்களே எழுதுகிறோம் என்று உட்கார்ந்தவர்.

மொழிபெயர்ப்பைக் குறைந்த சரக்காக நினைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட புத்தகத்துக்குத் தரும் சர்வதேச புக்கர் பரிசு 2025-ல் யாருக்குப் போனது? கர்நாடகத்தின் ஹாசனில் வழக்கறிஞராக இருக்கும் பானு முஷ்டாக்குக்கு. கன்னடத்தில், முஸ்லிம் பெண்களின் வாழ்க்கையைப் பல ஆண்டுகளாக எழுதி வந்தவர். அதில் 12 கதைகளைத் தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் கொண்டுபோனவர் தீபா பாஸ்தி. 50,000 பவுண்டு பரிசை இருவருக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார்கள், அதுதான் அந்தப் பரிசின் விதி. மொழிபெயர்ப்பாளர் மேடையில் உட்கார்ந்திருந்தால் அவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

பெரிய எழுத்தாளர்களோடு படம் எடுத்துக்கொள்ளலாமா, தப்பாக நினைப்பார்களா?
— வாசகி, ஈரோடு

கேட்டுவிட்டு எடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முதலில் அவர் புத்தகம் ஒன்றை வாங்கிக் கையெழுத்துக்கு நீட்டுங்கள், படம் அப்புறம். ஒரு பிரதி விற்பது, அதுவும் பெயர் வெளியே வராத ஒருவருக்கு, எவ்வளவு பெரிது என்று எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

தலித் எழுத்தாளர், பழங்குடி எழுத்தாளர், திருநங்கை எழுத்தாளர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளப் பட்டியைக் கட்டி மேடையேற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. எழுத்து நன்றாக இருந்தால் போதாதா? இலக்கியத்திலும் இடஒதுக்கீடா?
— வாசகர், மதுரை

உங்கள் கடிதத்தில் கோபம் இருக்கிறது. அதில் பாதியோடு எனக்கு உடன்பாடு, பாதியோடு கடுமையான சண்டை.

பட்டி பிடிக்கவில்லை என்கிறீர்கள். அது பிடிக்காத எழுத்தாளர்களே இருக்கிறார்கள். பூமணி தன்னைத் தலித் எழுத்தாளர் என்று அழைப்பதை ஏற்றுக்கொண்டதில்லை. இமையமும் அப்படித்தான். பாமா அந்தச் சொல்லைத் தயங்காமல் சுமக்கிறார். மூவருமே அவரவர் காரணத்தோடுதான் பேசுகிறார்கள், அதை முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது. வெளியே நிற்கிற நீங்களோ நானோ விழா நடத்துகிறவரோ அதைத் தீர்மானிக்க முடியாது.

ஆனால் ‘எழுத்து நன்றாக இருந்தால் போதாதா’ என்று கேட்டீர்களே, போதவில்லை என்பதுதான் நடந்த கதை. பாமாவின் தன்வரலாறான ‘கருக்கு’ 1992-ல் வந்தபோது, இது என்ன மொழி, இதை எப்படி அச்சில் போடுவது என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இன்று அது உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் பாடம். எழுத்து அன்றும் இன்றும் அதேதான். சல்மா துவரங்குறிச்சியில் வீட்டுக்குத் தெரியாமல், இரவில் கழிப்பறையில் வைத்துக் கவிதை எழுதி, வேறு பெயரில் வெளியிட வேண்டியிருந்தது. அந்தக் கவிதைகள் நன்றாக இருந்ததால் யாரும் கதவைத் திறந்துவிடவில்லை. திருநங்கைகளைப் பற்றித் தமிழில் மற்றவர்கள் எவ்வளவோ எழுதிவிட்டார்கள். ஆனால் ஏ. ரேவதியும் லிவிங் ஸ்மைல் வித்யாவும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதிய பிறகுதான், அதுவரைக்கும் நாம் வாசித்ததில் எத்தனை பொய் என்று உறைத்தது. ஆக, அழைப்பிதழில் இவர்களுக்கு இடம் கேட்பது சலுகை இல்லை. நமக்கு எட்டாமல் போன நல்ல எழுத்தைக் கொண்டுவந்து சேர்க்கிற வேலை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். சில வருடம் முன்பு ஒரு பெரிய நகரத்து விழாவில் (கோழிக்கோடு இல்லை) ஒரு தலித் பெண் எழுத்தாளரோடு உரையாடல். நாவலாசிரியர், பத்து புத்தகம் எழுதியவர். நெறியாளர் முக்கால் மணி நேரமும் கேட்டது ஒரே கேள்வியைத்தான், விதவிதமாக. சின்ன வயதில் என்ன கஷ்டப்பட்டீர்கள், பள்ளியில் எப்படி நடத்தினார்கள், அப்போது எப்படி இருந்தது. அவர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். மடியில் தன் புது நாவலை வைத்திருந்தார், வாசித்துக் காட்டுவதற்காக ஒரு பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி அடையாளம் வைத்திருந்தார். நான் முன்வரிசையில் இருந்ததால் அது எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நேரம் முடிந்தது, பொன்னாடை போட்டார்கள், அவர் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார். அடுத்த அமர்வில் இன்னொரு நாவலாசிரியரிடம், உங்கள் கதைசொல்லியை ஏன் ஒரு குழந்தையாக வைத்தீர்கள், அத்தியாயங்களை எப்படி அடுக்கினீர்கள் என்று கேட்டார்கள். ஒருவரிடம் காயத்தைக் கேட்கிறோம், இன்னொருவரிடம் கலையைக் கேட்கிறோம். பட்டி கட்டுவது என்றால் எனக்கு இதுதான்.

கருக்கு என்றால் என்ன? பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பம் மாதிரி இருக்குமே, கையை அறுத்துவிடும், அது. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து ஒரு புத்தகத்துக்குப் பெயர் வைக்க எவ்வளவு யோசனை வேண்டும், எப்பேர்ப்பட்ட காது வேண்டும்! தெருவின் பேச்சையே உரைநடையாக நிறுத்திக் காட்டுவது சாதாரண வேலையா? இதைப் பற்றிக் கேளுங்கள் ஐயா. நீங்கள் சொல்கிற ‘எழுத்து எழுத்துதான்’ என்பதை அங்கேதான் நிரூபிக்க முடியும்.

அப்புறம், நிகழ்ச்சி நிரலைக் கையில் வாங்கியதும் ஒன்றைப் பாருங்கள். ஒரு பிரபலத்துக்கு மாலை ஆறு மணிக்குப் பெரிய மேடையில் தனியாக ஒரு மணி நேரம். நாலு தலித் எழுத்தாளர்களுக்குச் சேர்த்துச் சாப்பாட்டுக்குப் பிறகு, தூக்கம் வரும் நேரத்தில், முக்கால் மணி. தலைக்குப் பன்னிரண்டு நிமிடம்கூடத் தேறாது. சுவரொட்டியில் எல்லார் முகமும் ஒரே அளவில்தான் இருக்கும், கடிகாரத்தில்தான் வித்தியாசம் தெரியும். வரலாற்று நாவல் பற்றிய அரங்கிலும் நகைச்சுவை பற்றிய அரங்கிலும் இவர்களும் இயல்பாக உட்கார வைக்கப்படுகிற காலம் வந்தால் தனி அரங்கு வேண்டாம் என்று நானும் சொல்வேன். அது வரும்வரை தனி அரங்கு வேண்டும், தனி விழாவும் வேண்டும். நீலம் பண்பாட்டு மையம் தலித் வரலாற்று மாதமான ஏப்ரலில் நடத்தும் வானம் கலைத் திருவிழாவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். வந்துவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள், நிஜமாகவே எதிர்பார்க்கிறேன்.

கேள்வி நேரத்தில் கை தூக்கினேன், மைக் கைக்கு வந்ததும் வார்த்தை வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அதிலிருந்து கேட்பதே இல்லை. எப்படிப் பழகுவது?
— வாசகர், விழுப்புரம்

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நோட்டில் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதிவிடுங்கள், மைக் வந்ததும் அதைப் பார்த்தே வாசியுங்கள். வாசித்தால் என்ன, யாரும் மார்க் போடப் போவதில்லை. பெயர், ஊர், கேள்வி, அவ்வளவுதான். மைக்கைப் பிடித்து ஐந்து நிமிடம் தன் கருத்தைச் சொல்லிவிட்டு ‘இதற்கு என்ன சொல்கிறீர்கள்’ என்று முடிக்கிறவர்களைவிட, நடுங்கிய குரலில் ஒரு வரி கேட்கிறவருக்குத்தான் எழுத்தாளர் முழு மனதோடு பதில் சொல்வார், நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். புத்தகத்துக்குள் இருந்து கேளுங்கள்: இந்தப் பாத்திரம் ஏன் இந்த இடத்தில் பேசாமல் இருக்கிறாள் என்பது மாதிரி.

மூன்று சக்கர வண்டியில் நடமாடுகிறவன் நான். கடற்கரை என்றதும் மணலை நினைத்துப் பயமாக இருக்கிறது.
— வாசகர், கரூர்

பயம் நியாயம். கடற்கரைச் சாலை தார்ச்சாலைதான், ஆனால் அரங்குகளுக்கு நடுவே மணலும் கேபிளும் கூட்டமும் இருக்கும். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே அமைப்பாளர்களுக்கு எழுதி, எந்த வழியாக வண்டி உள்ளே வரும், எந்தெந்த மேடைக்குச் சரிவுப் பாதை உண்டு, கழிப்பறை எங்கே என்று நேராகக் கேளுங்கள். நீங்கள் கேட்பதால் அவர்கள் அதைச் செய்தே ஆக வேண்டிய கட்டாயம் வரும். எல்லாரையும் அழைக்கிறோம் என்று சொல்கிற விழா உங்கள் வண்டிக்கும் வழி போட வேண்டும்.

நான் கவிதை எழுதுகிறேன். கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு போய்ப் பதிப்பாளர்களிடம் கொடுக்கலாமா?
— வாசகி, நாகர்கோவில்

கொடுக்காதீர்கள். அந்தக் கூட்டத்தில் வாங்கி வைத்தாலும் தொலைந்துவிடும். ஸ்டாலில் நின்று புத்தகங்களைப் புரட்டுங்கள், உங்கள் கவிதைக்கு ஏற்ற பதிப்பகம் எது என்று பாருங்கள், முகவரியை வாங்கிக்கொண்டு வந்து வீட்டிலிருந்து அனுப்புங்கள்.

இதற்கெல்லாம் கேரளாவுக்குத்தான் போக வேண்டுமா? நம் ஊரில் இல்லையா?
— வாசகர், திருநெல்வேலி

உங்கள் ஊரிலேயே நடந்ததே! 2022 நவம்பரில் தமிழக அரசு பொருநை இலக்கியத் திருவிழாவைத் தொடங்கியது நெல்லையில்தான். அப்புறம் கோவையில் சிறுவாணி, மதுரையில் வைகை என்று ஆறுகளின் பெயரில் வரிசையாக நடத்தினார்கள். கோவையில் டிசம்பரில் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டத்தின் விழா இருக்கிறது. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா வந்துவிட்டது, ஆனால் மாலை மேடையில் பட்டிமன்றத்துக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதிகூட அந்த மாவட்டத்து எழுத்தாளருக்குக் கிடைப்பதில்லை. அடுத்த முறை உங்கள் ஊரில் ஆலோசனைப் பெட்டி வைத்தால் அதை எழுதிப் போடுங்கள். கோழிக்கோட்டை நான் சொன்னதற்குக் காரணம், அங்கே ஊரே அதைத் தன் விழாவாக நினைக்கிறது. 2023-ல் யுனெஸ்கோ இலக்கிய நகரம் என்று அறிவித்தது அந்த ஊரைத்தான், இந்தியாவில் முதல் நகரம். கடற்கரையில் கண்ணாடி ஜாடிகளில் நெல்லிக்காயும் மாங்காயும் அன்னாசியும் உப்பில் ஊறப்போட்டு விற்கிற வண்டிக்காரர், எந்த மேடையில் யார் பேசுகிறார் என்று எனக்கு வழி சொன்னார்.

எனக்கு 63 வயது. எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். வாரப் பத்திரிகைத் தொடர்கள் தவிர வேறு வாசித்ததில்லை. என் பேத்தி இந்த விழாவுக்கு வா பாட்டி என்று கூப்பிடுகிறாள். அங்கே எனக்கு என்ன வேலை?
— வாசகி, தாராபுரம்

அம்மா, நீங்கள் அனுப்பிய கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். தொடர்கதை வாசித்தே நாற்பது வருடம் ஓட்டியவர் வாசகர் இல்லை என்றால் வேறு யார் வாசகர்? மேடையில் இருப்பவர்கள் எழுதுகிறது உங்கள் மாதிரி வாழ்ந்தவர்களைப் பற்றித்தான், சமையலறையும் காடு கரையும் ரேஷன் வரிசையும் தெரிந்த ஒருவர் கேட்க உட்கார்ந்திருப்பது அவர்களுக்குப் பெரிய பலம்.

அவசியம் போங்கள். பேத்தியிடம் சொல்லி பாமாவின் ஒரு சிறுகதையையும் பஷீரின் ஒரு கதையையும் ரயிலில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பெரிய எழுத்தில் அச்சிட்டதாக இருந்தால் நீங்களே வாசிக்கலாம், கண்ணாடியை மறக்காமல் எடுத்து வையுங்கள். பருத்திச் சேலை போதும், ஜனவரியிலும் அங்கே பகலில் வேர்க்கும். பகல் வெயிலுக்குக் குடை, மணலில் நடக்கத் தட்டையான செருப்பு. காலை முதல் அமர்வில் கூட்டம் குறைவாக இருக்கும், முன்வரிசையில் போய் உட்காருங்கள். நடுவில் எழுந்துபோய் ஒரு சுலைமானி (பால் இல்லாத டீ) குடித்துவிட்டு வந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சர்க்கரை இருந்தால் இனிப்பில்லாமல் கேட்டு வாங்குங்கள்.